கலியபெருமாளின் கடலூர் பஸ்

அத்தியாயம் 11

போன வாரம் செந்தமிழ்ச்செல்வி தன் அப்பாவின் முகத்துக்கு நேராகச் சொன்ன ஒரு வார்த்தைக்காக அம்மா இன்னும் அவளோடு பேசவில்லை.

"டாக்டர் சொன்னதைத்தான் சொல்றேன்பா. கை வரலாம். வராமலும் போகலாம்."

அவ்வளவுதான் சொன்னாள். அந்த வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். ஆஸ்பத்திரிக் காகிதம், ரேஷன் கார்டு, பாங்கிலிருந்து வரும் மெசேஜ் எல்லாவற்றையும் படித்துச் சொல்ல வேண்டியது அவள் வேலை. ஆனால் படித்ததைப் படித்தபடியே சொன்னால் அதற்குப் பெயர் வாய்க்கொழுப்பு.

அப்பா கலியபெருமாளைப் பக்கவாதம் தாக்கியது தை மாசம். கால் திரும்பி வந்துவிட்டது. பேச்சு போகவே இல்லை. போயிருந்தால் நாலு நாள் நிம்மதியாக இருந்திருக்கலாம் என்று அம்மா அமிர்தவல்லியே சிரிக்காமல் சொல்வாள். இடது கைதான் பாதி தூக்கத்திலேயே இருந்தது. வேலை பார்த்த மில் மூடியதிலிருந்து அவர் ஓட்டியது ஆட்டோ. ஆட்டோவில் இடது கைக்குத்தான் கிளட்ச். அதனால் வண்டி தவளக்குப்பத்துக்கு, அவருடைய தம்பி மகன் வெற்றிவேலின் கைக்குப் போய்விட்டது.

பிழிந்து பழகுங்கள் என்று கதிர்காமம் ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள்.

"பந்து வெளையாட நான் இன்னா கைக்கொழந்தையா?" என்றார் கலியபெருமாள். பந்து கட்டிலுக்கு அடியில் போனது.

பந்தின் இடத்துக்கு வந்ததுதான் எழிலரசனின் மிடி கீபோர்டு. எழில், செல்வியின் தம்பி. கல்யாண வீடியோக்களுக்குப் பின்னணி இசை போட்டுக் கொடுக்கிறவன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா வீட்டுப் பையன் ஒருவன் பாரிசுக்குக் கிளம்பும்போது தள்ளிவிட்டுப்போன சாமான் அது. மொத்தம் இருபத்தைந்து கட்டை. தனியாக வைத்து அடித்தால் ஊமை. ஒயரை லேப்டாப்பில் சொருகினால், எந்தக் கட்டையை எவ்வளவு பலமாக அடித்தோம் என்று மட்டும் லேப்டாப்புக்குச் சொல்லும். அதைக் கேட்டு, உள்ளே இருக்கும் மியூசிக் சாஃப்ட்வேர் பியானோவாகவோ நாதஸ்வரமாகவோ சத்தம் போடும்.

கலியபெருமாள் கேட்டது பியானோவும் இல்லை, நாதஸ்வரமும் இல்லை.

"பஸ் ஹாரன் இருக்காடா அதுல?"

இருந்தது. அன்றிலிருந்து முதலியார்பேட்டையில் அந்த வீட்டுக்குள் ஒரு கடலூர் பஸ் ஓடிக்கொண்டிருக்கிறது.

*

இந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பெரிய மார்க்கெட்டில் கீரை விற்றுவிட்டு வந்த அமிர்தவல்லி காலிக் கூடையை இறக்குவதற்குள் கலியபெருமாள் கூப்பிட்டார்.

"அமிர்தா, இப்டி வந்து உக்காரு."

"காலு கழுவிட்டு வரேன்."

"பஸ்ஸு போயிரும்."

உட்கார்ந்தாள். அவர் இடது கையை எடுத்துக் கட்டைகளின் மேல் வைத்தார். கட்டை விரலில் ஆரம்பித்துச் சுண்டு விரல் வரைக்கும் ஐந்து விரலுக்கு ஐந்து சத்தம். மெயின் ரோட்டில் நாள் முழுக்கக் கேட்கிற அதே ஹாரன். பாம்... பீம்... பாபா... பீ! ஸ்பீக்கர் அதிர்ந்தது. பக்கத்து வீட்டுக் கொளஞ்சியக்கா ஜன்னலில் எட்டிப் பார்த்து, "வீட்டுக்குள்ளயே பஸ்ஸை உட்டுட்டாரா உன் வூட்டுக்காரரு?" என்றாள்.

அமிர்தவல்லி சிரித்தாள். வாயை மூடிக்கொள்ளக்கூட மறந்துபோய்ச் சிரித்தாள்.

"சுண்டு விரலும் வந்துருச்சாங்க?"

"கேட்டியில்ல?"

பிறகு அவர் சட்டையை மாட்டினார். பட்டனை வலது கையாலேயே போட்டுக்கொண்டார். அதைச் செல்வி கவனித்தாள்.

"தவளக்குப்பம் போயி வண்டியைப் பார்த்துட்டு வரேன்" என்றார்.

"எடுத்துட்டு வரேன்னு சொல்லுங்க" என்றாள் அமிர்தவல்லி.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். இவள் ஆரத்தி கரைக்க மஞ்சளும் சுண்ணாம்பும் தேடிப் போனாள். போகிற போக்கில் செல்விக்குக் கேட்கிற மாதிரி சுவரிடம் சொன்னாள்: "வராமலும் போகலாமாம். சொல்ல வந்துட்டா."

*

செல்விக்குக் கோபம் வரவில்லை. அதுவே அதிசயம். டாக்டர் தப்பு, நானும் தப்பு, நல்லதாகப் போயிற்று என்றுதான் நினைத்தாள். அப்பாவின் கை எப்படித் தேறியது என்று கண்ணால் பார்க்க ஆசையாக இருந்தது. எழில் தினமும் அவர் வாசித்ததை லேப்டாப்பில் பதிந்து வைப்பான்.

பங்குனி மாசத்துப் பதிவைத் திறந்தாள். ஒவ்வோர் அடிக்கும் கீழே ஒரு குச்சி. பலமாக அடித்தால் உயரக் குச்சி, மெதுவாக அடித்தால் குட்டைக் குச்சி. கட்டை விரல் முழ உயரம். நடு விரல் பாதி. மோதிர விரல் எறும்பு. சுண்டு விரலுக்குக் குச்சியே இல்லை.

இன்றைய பதிவைத் திறந்தாள்.

எல்லாம் ஒரே உயரம். காம்பவுண்ட் சுவருக்கு மேலே கம்பி நட்டமாதிரி, வரிசையாக, ஒரு மயிரிழைகூட ஏற்றம் இறக்கம் இல்லாமல், இருக்கிறதிலேயே உச்ச அளவு. சுண்டு விரலும் கட்டை விரலும் ஒரே பலம்.

எந்த மனுஷன் இப்படி வாசிப்பான்?

ஒரு கட்டையைச் சும்மா தொட்டாள். பாம் என்று அலறியது. கட்டிலுக்கு அடியில் கையை விட்டு அந்த ரப்பர் பந்தை எடுத்துக் கட்டைமேல் போட்டாள். பீம்! பந்தும் கலியபெருமாள் அளவுக்கே வாசித்தது.

"எழிலு!"

தலையில் சோப்பு நுரையோடு ஓடி வந்தான்.

"இன்னாடா செட்டிங் இது?"

அவன் திரையைப் பார்த்தான். அக்காவின் மடியில் இருந்த பந்தைப் பார்த்தான். நுரை காதில் வழிந்தது.

"மெதுவா தொட்டாலும் ஃபுல்லா கேக்குற மாதிரி வச்சேன்க்கா."

"எப்பலருந்து?"

"டாக்டர் சொன்னதை நீ சொல்லிட்டுப் போனப்பறம் வாசிக்கவே மாட்டேன்னு எழுந்துட்டாரு பாரு, அன்னைலருந்து. மூணு விரலு கேக்குது, ரெண்டு விரலு செத்துப்போச்சுன்னாரு. அந்த வார்த்தையைச் சொன்னாருக்கா. நான் இன்னா பண்றது? மாத்தி வச்சேன். அப்புறம் பாரு, தெனம் ரெண்டு மணி நேரம் வாசிக்கிறாரு. கை ஓடுனா தானா வரும்னு நெனைச்சேன்."

"இப்ப அந்தக் கையாலதான் கிளட்ச்சைப் புடிச்சிக்கினு கடலூர் ரோட்ல வரப்போறாரு. எதுத்தாப்ல நெஜ பஸ்ஸு வரும். அதுக்கு எந்த செட்டிங்கை மாத்துவே?"

எழிலின் முகம் சுருங்கிப் பத்து வயசுப் பையன் முகமாகிவிட்டது.

அவனை நாலு வார்த்தை கேட்கத்தான் வாயைத் திறந்தாள். படித்த முட்டாள், படிக்காத முட்டாள், எல்லாம் வரிசையாக நாக்கில் நின்றது. ஆனால் அப்பா அந்த வார்த்தையைச் சொன்னபோது பக்கத்தில் இருந்தவன் இவன். டாக்டர் சொன்னதைப் படித்துச் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டவள் அவள்.

"தலையில தண்ணி ஊத்திக்கினு வா" என்றாள். "லேப்டாப்பையும் அந்தக் கீபோர்டையும் பையில போடு. அவரு கண்ணால பார்க்கட்டும்."

*

அவளுடைய ஸ்கூட்டி அரியாங்குப்பம் பாலம் ஏறும்போது பின்னால் வந்த கடலூர் பஸ் ஹாரன் அடித்தது. பாம்... பீம்... பாபா... பீ! எழில் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். செல்வி வேகத்தைக் கூட்டினாள். அப்பா போனை எடுக்கவே மாட்டேன் என்கிறார். கிளம்பியிருப்பாரோ? எதிரில் வருகிற மஞ்சள் ஆட்டோ ஒவ்வொன்றிலும் அப்பாவைத் தேடினாள்.

தவளக்குப்பம் மார்க்கெட் முனையைத் தாண்டி, உள் தெருவில் வெற்றிவேலின் வீடு. வீட்டு ஓரமாகத் தகரக் கொட்டகைக்குள் ஆட்டோ நின்றது. அப்பா டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். வெற்றிவேல் வெளியே, கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அண்ணா, சாவி எங்க?" ஸ்டாண்டு போடுவதற்கு முன்னாலேயே கேட்டாள்.

"என் பாக்கெட்டுலதான் இருக்கு. பெரியப்பா கேக்கவே இல்லியே."

செல்வி அப்போதுதான் ஸ்டாண்டு போட்டாள்.

"இன்னாத்துக்கு ரெண்டு பேரும் தீயணைப்பு வண்டி மாதிரி வரீங்க?" என்றார் கலியபெருமாள்.

எழில் பையை இறக்கக்கூட இல்லை. நின்ற இடத்திலேயே அழுதுவிட்டான்.

"அப்பா, அந்த ஹாரன் நெஜமில்லப்பா. நான்தான்..."

"தெரியும்டா."

கொட்டகைக்குள் ஒரு கோழி வந்து, இவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

"எப்படி?" என்றாள் செல்வி.

"உங்கம்மா முந்தாநாளு அந்தக் கட்டைங்களைத் துணியை வச்சுத் தொடச்சா. நீ ஆஃப் பண்ணாம உட்டுட்டுப் போயிட்டேடா. துணி பட்டதுக்கே அதே சத்தம், கொஞ்சமும் கொறையல. அழுக்குத் துணிக்கு இருக்கிற பலம்தான் எனக்கும் போலன்னு தெரிஞ்சுக்கினேன்."

"அப்ப இன்னைக்கு எதுக்குப்பா அம்மாவை உக்கார வச்சு வாசிச்சே?"

"உங்கம்மா மார்க்கெட்லருந்து வரும்போது மூஞ்சைப் பார்த்திருக்கியா நீ? கூடையைவிட மூஞ்சு கனமா இருக்கும். சிரிச்சாளே, பார்த்தீங்கல்ல? தை மாசத்துக்கு அப்பறம் இன்னைக்குத்தான் சிரிச்சா." எழிலைப் பார்த்தார். "நீ எனக்குப் பண்ணதைத்தான் நான் அவளுக்குப் பண்ணேன். உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லடா."

"அதுக்கு வண்டியில வந்து உக்காரணுமா?" என்றாள் செல்வி.

"வெற்றி ராத்திரி போன் பண்ணான். ஓசூர்ல ஒரு கம்பெனியில வேலை கெடச்சிருச்சாம்."

"வியாழக்கிழமை போயிச் சேரணும் பெரியப்பா" என்றான் வெற்றிவேல், தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டு.

"நல்லா போயிட்டு வாடா. நான் இன்னா வேணாம்னா சொன்னேன்?" அப்பா இடது கையைத் தூக்கிக் கிளட்ச்மேல் வைத்தார். "நான் ஓட்டணும், இல்லாட்டி வண்டியை வித்துடணும். எதுன்னு தெரியணும். அதான் இதுகிட்ட கேக்க வந்தேன். இதுல உன் தம்பி ஒண்ணும் செட்டிங் மாத்த முடியாதுல்ல?"

பிடித்தார். விரல்கள் கிளட்ச் பிடியை வளைத்துக்கொண்டன. அது உள்ளே வந்தது, பாதி வந்தது. அதற்குமேல் மணிக்கட்டு நடுங்கியது. மோதிர விரலும் சுண்டு விரலும் பிடிமேல் இருந்தன, ஆனால் இழுக்கவில்லை. சும்மா கூட வந்தவர்கள்போல் உட்கார்ந்திருந்தன. பிடி டப்பென்று திரும்பிப் போனது.

"பாதி" என்றார். "மொதல்ல கால்வாசிதான் வரும்னு நெனைச்சேன். பரவால்ல."

எதையும் நேராகச் சொல்கிற செல்வி சொன்னாள்: "கிளட்ச் ஒயரு டைட்டா இருக்கும்பா. நெறைய நாளா அட்ஜஸ்ட் பண்ணாம இருந்திருக்கும்."

வெற்றிவேல் வாயைத் திறந்தான். போன வாரம்தான் மாற்றியிருப்பான் போல. செல்வி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

"அப்படியா?" அப்பா மெதுவாக இறங்கினார். "நீயே புடிச்சுப் பாரு."

ஏறி உட்கார்ந்தாள். பிடித்தாள். கிளட்ச் வெண்ணெய் மாதிரி முழுசாக உள்ளே வந்து, அவள் விரல்களுக்குள் அடங்கி நின்றது.

"டைட்டாத்தான் இருக்கு" என்றாள்.

கலியபெருமாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாகச் சிரித்தார். "பொய் சொல்ல வரல உனக்கு. உட்டுடு. அதெல்லாம் உன் தம்பி வேலை."

அப்போது எழிலின் போன் அடித்தது. அம்மா. அந்தப் பக்கம் ஊரே கூடியிருக்கிற சத்தம்.

"எங்கடா வரீங்க? ஆரத்தி ரெடி. கொளஞ்சி, எதுத்த வூட்டு நிர்மலா எல்லாம் வாசல்லயே நிக்கிறாங்க. ஹாரன் அடிச்சுக்கினே வரச் சொல்லு உங்கப்பாவை!"

எழில் போனைப் பிடித்தபடி அப்பாவைப் பார்த்தான்.

"வரோம்னு சொல்லு" என்றார் அவர்.

*

ஆட்டோ தெருமுனை திரும்பும்போதே அமிர்தவல்லி தட்டைத் தூக்கிவிட்டாள். சிவந்த தண்ணீரில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. பிறகு அவள் பார்த்தாள். முன் சீட்டில் வெற்றிவேல். பின் சீட்டில் அவள் புருஷன், மடியில் அந்தக் கீபோர்டு. அதற்குப் பின்னால் ஸ்கூட்டியில் பிள்ளைகள் இரண்டும், பரீட்சையில் தோற்றுவந்த முகத்தோடு.

தட்டு ஒரு நொடி நின்றது.

"இன்னா அமிர்தா, உன் வூட்டுக்காரரு முதலாளி மாதிரி பின்னால குந்திக்கினு வராரு?" என்றாள் கொளஞ்சியக்கா.

அமிர்தவல்லி தட்டை மறுபடி தூக்கினாள். ஆரத்தியை மூன்று சுற்று சுற்றினாள். அவருக்கும் ஆட்டோவுக்கும் சேர்த்துச் சுற்றினாள். நெற்றியில் பொட்டு வைத்தாள். மீதிக் குங்குமத்தை என்ன செய்வது என்று தெரியாமல் கீபோர்டின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தாள். தண்ணீரைத் தெருவில் ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

அவரும் பின்னாலேயே போனார்.

"எழிலு, மெதுவா தொட்டாலும் கத்துற அந்த செட்டிங்கை எடுத்துடு. உள்ளதை உள்ளபடி வையி."

எழில் ஒயரைச் சொருகினான். மௌசை இரண்டு முறை தட்டினான். அவ்வளவுதான் வேலை. இத்தனை நாள் அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் அந்த இரண்டு தட்டுதான் இருந்தது.

கலியபெருமாள் வாசித்தார்.

பாம்... பீம்... அதற்கப்புறம் மங்கிக்கொண்டே போனது. நாலாவது விரல் முனகியது. ஐந்தாவது வந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. தலைக்கு மேலே மின்விசிறி கடகடத்தது.

"கரண்டு கம்மியா வருதா?" என்றாள் ஜன்னலில் கொளஞ்சியக்கா.

அமிர்தவல்லி எழுந்தாள். திட்டப் போகிறாள் என்றுதான் செல்வி நினைத்தாள். அழுவாள் என்று எழில் நினைத்தான். அவள் போய் மின்விசிறியை நிறுத்தினாள். ஜன்னலைச் சாத்தினாள். கொளஞ்சியக்காவின் "ஏய், ஏய்" வெளியே நின்றது. திரும்பி வந்து ஸ்பீக்கர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து காதைச் சாய்த்துக்கொண்டாள்.

"இன்னொருவாட்டி."

வாசித்தார். வேர்த்தது. இந்த முறை ஐந்தாவது விரல் கேட்டது. கொசு பாடுகிற அளவு. ஆனால் கேட்டது. திரையில் கடைசியாக ஒரு குட்டிக் குச்சி. பங்குனியில் அந்த இடம் வெறுமையாக இருந்ததைச் செல்வி காலையில்தான் பார்த்திருந்தாள். விரலை நீட்டிக் காட்டினாள். "இது உன்னோடதுப்பா. சுண்டு விரலு. முன்னால இல்ல, இப்ப இருக்கு."

இது டாக்டர் காகிதத்தில் இல்லாத செய்தி. இதையும் உள்ளபடியேதான் சொன்னாள்.

அமிர்தவல்லி காதை எடுக்காமலேயே கேட்டாள்: "பஸ்ஸு இப்ப எங்கங்க வருது?"

அவர் திரையில் அந்தக் குட்டிக் குச்சியைப் பார்த்தார்.

"அரியாங்குப்பம் பாலத்துக்கு அந்தாண்ட."

"வரட்டும். நாம இன்னா ஓடவா போறோம்? நிப்போம்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தவள், சுவரைப் பார்க்காமல் செல்வியையே பார்த்துக் கேட்டாள். "காலைலருந்து வெறும் வயிறா சுத்துறியே, சாப்புட்டியாடி?"

செல்வி தலையை ஆட்டினாள். சாப்பிட்டேன் என்றா, இல்லை என்றா என்று யாருக்கும் புரியாத ஓர் ஆட்டல்.

வாசலில் வெற்றிவேல் செருமினான்.

"பெரியப்பா, நான் கெளம்பறேன். பஸ்ஸுல போயிக்கிறேன். வண்டி இங்கயே நிக்கட்டும்." ஆட்டோ சாவியை நீட்டினான். "யாருகிட்ட குடுக்கட்டும்?"

எழில் அப்பாவைப் பார்த்தான். அப்பா கையை நீட்டவில்லை. கட்டைகளின் மேலிருந்த தன் இடது கையை ஒரு முறை பார்த்தார். பிறகு, தவளக்குப்பத்துக் கொட்டகையில் கிளட்ச்சை முழுசாக விழுங்கிவிட்டு டைட்டாக இருக்கிறது என்று பொய் சொன்ன செல்வியின் கையைப் பார்த்தார். அம்மா அவர் கண் போன திசையில் திரும்பினாள். திரும்பியவள் முகம் மாறியது.

"ஏங்க..." என்று ஆரம்பித்தாள்.

செல்வி அதற்குள் சாவிக்கு இடது கையை நீட்டிவிட்டிருந்தாள்.